ஒரு பெருவெற்றியை உடைத்துப் பார்க்க இரண்டு இணையதளங்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலச் செயலர் அலுவலகம் நடத்தும் தேர்தல் முடிவுத் தளத்தை, கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கும் ஒருவன் மதிப்பிட வேண்டிய தேவை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மினியாபொலிஸ் நகரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், தன் மாநிலத்து செனட்டர் ஏமி குளோபுச்சர் 2012ஆம் ஆண்டு மறுதேர்தலில் பெற்ற வெற்றியைப் போல நம் பக்கத்தில் எவரும் பெற்றதில்லை என்று ஒரு நாள் தொலைபேசியில் அளந்துவிட்டான். "ஆத்தூர் கணக்குத் தெரியுமாடா உனக்கு?" என்று கேட்டேன். எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துச் சட்டமன்றத் தொகுதி அது. தெரியாது என்றான். அந்த வழக்கைத் தீர்ப்பதற்காக அவர்களுடைய தளத்தையும் நம் தேர்தல் ஆணையத்தின் முடிவுத் தளத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கத் தொடங்கியதில், மழையும் மூடுபனியுமாக இருந்த இரண்டு வாரங்கள் போனதே தெரியவில்லை. இரண்டும் கட்டணமில்லாத சேவைகள்தாம். ஆனாலும் மக்களின் வரிப்பணத்தில் நடப்பவை என்பதால், காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பார்க்கும் கண்டிப்போடு அவற்றைப் பார்ப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

அந்தத் தேர்தல் எப்படிப்பட்டது என்பது தெரியாமல் தளத்தின் அருமை விளங்காது. செனட் என்பது நம் மாநிலங்களவைக்கு நிகரான அவை. இரண்டிலும் உறுப்பினரின் பதவிக்காலம் 6 ஆண்டுகள். இரண்டிலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல் வருகிறது. வேறுபாடு தேர்ந்தெடுக்கும் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குரிய 18 மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள்தாம் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட நாம் நேரடியாக வாக்களித்ததில்லை. அமெரிக்காவிலும் 1913இல் அரசமைப்பின் 17ஆவது திருத்தம் வரும்வரை மாநிலச் சட்டமன்றங்களே செனட்டர்களை அனுப்பிக்கொண்டிருந்தன. அதற்குப் பின் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாகி, எல்லா வாக்காளர்களும் நேரடியாக வாக்களிக்கும் முறை வந்தது. திருத்தணி முதல் கன்னியாகுமரி வரை அனைவர் கையிலும் ஒரே வேட்பாளர் பட்டியல் இருப்பதாகவும், அதில் ஒருவரை மட்டும் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பதாகவும் நினைத்துப் பார்த்தால் அதன் பரப்பு ஓரளவு பிடிபடும்.

மினசோட்டா தளத்தில் 2012ஆம் ஆண்டின் பக்கம் இன்றும் திறக்கிறது. என் பாராட்டில் பாதி இதற்கே போகிறது. தேர்தல் முடிந்த வாரத்தில் முடிவைக் காட்டுவது பெரிய காரியமல்ல; பல ஆண்டுகள் கழித்து, வேறொரு கண்டத்தில், கேரட் மூட்டை ஏற்றும் லாரிச் சத்தத்துக்கு நடுவில் ஒருவன் தேடும்போதும் அந்த எண் அதே இடத்தில் இருக்க வேண்டும். இருந்தது. குளோபுச்சர் பெற்ற வாக்குகள் 1,854,595 என்று எழுதியிருந்தது. அவர்கள் காற்புள்ளி இடும் இடம் வேறு என்பதால் முதலில் சற்றுத் தடுமாறினேன். நம் வழக்கப்படி 18,54,595. அவரை எதிர்த்த குடியரசுக் கட்சியின் கர்ட் பில்ஸ் பெற்றவை 8,67,974. வித்தியாசம் 9,86,621. விழுக்காட்டில் ஏறத்தாழ 65க்கு 31. இதே செனட்டர் முதன்முறையாக வென்ற 2006இல் பெற்றது 58 விழுக்காடு; மூன்றாம் முறை 2018இல் 60; நான்காம் முறை 2024இல் 56. ஆக, பதவியில் இருந்துகொண்டே போட்டியிட்ட மூன்று தேர்தல்களில் 2012தான் உச்சம் என்பதை நான்கு பக்கங்களைத் திறந்து, நான்கு எண்களை ஒரு காகிதத்தில் எழுதியே தெரிந்துகொள்ள முடிந்தது. ஒருவருடைய விளக்கமும் தேவைப்படவில்லை.

இந்த அளவோடு நின்றிருந்தால் இந்த மதிப்புரையை எழுதியிருக்க மாட்டேன். அந்தத் தளம் எண்ணைக் காட்டிவிட்டு கதவைச் சாத்திக்கொள்வதில்லை. மாநில எண்ணை அழுத்தினால் கவுண்டி வாரியாக விரிகிறது. கவுண்டி என்பதை நம் மாவட்டம் அல்லது வட்டம் போன்ற ஓர் அலகாகக் கொள்ளலாம். மினசோட்டாவில் அவை 87. கவுண்டியை அழுத்தினால் 'ப்ரீசிங்க்ட்' என்ற, நம் வாக்குச்சாவடிக்கு ஈடான கடைசி அலகு வரை இறங்குகிறது. நான் கவுண்டி அளவில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். 87இல் 85 கவுண்டிகளில் குளோபுச்சரே முன்னிலையில் இருந்தார்.

அடுத்ததாக, அதே நாளில், அதே வாக்குச்சீட்டில் நடந்த அதிபர் தேர்தலின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். குளோபுச்சரின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பராக் ஒபாமா அந்த மாநிலத்தில் பெற்றது ஏறத்தாழ 53 விழுக்காடு மட்டுமே. அதாவது அதிபர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் மிட் ரோம்னிக்கு வாக்களித்த கை, அதே சீட்டில் சற்றுக் கீழே இறங்கி, செனட்டர் பதவிக்கு எதிர்க்கட்சிக்காரரான குளோபுச்சரின் பெயருக்கு நேரே உள்ள வட்டத்தை நிரப்பியிருக்கிறது. ஒருவர் இருவர் அல்லர், லட்சக்கணக்கானவர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். ரோம்னி முன்னிலை பெற்ற கவுண்டிகள் பலவற்றில் செனட்டர் வரிசையில் குளோபுச்சர் முன்னிலை பெற்றிருப்பதைப் பக்கத்துப் பக்கத்து ஜன்னல்களில் பார்த்தபோது, ஒரு பெருவெற்றி என்பது அலையடித்து வருவதல்ல, ஊர் ஊராகச் சேர்வது என்ற எண்ணம் எனக்கு முதன்முறையாகக் கணக்கோடு உறைத்தது. அதே சீட்டில், வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டையைக் கட்டாயமாக்கும் மாநில அரசமைப்புத் திருத்தமும் இருந்தது, அது தோற்றுப்போயிருக்கிறது. வாக்காளர் அட்டையைப் பர்சில் வைத்துக்கொண்டே திரியும் எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

எதிர்த்து நின்றவர் யார் என்பதைத் தளம் சொல்லாது. அதைச் சொல்வது அதன் வேலையுமல்ல. அக்கா மகன்தான் சொன்னான். கர்ட் பில்ஸ், மாநிலச் சட்டமன்றத்தில் முதல் முறையாக இருந்தவர். உயர்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் கற்பித்தவர். குளோபுச்சரோ, மினியாபொலிஸ் அடங்கிய ஹென்னப்பின் கவுண்டியின் அரசு வழக்கறிஞராக இருந்து வந்தவர். அம்மாநில மக்கள் தேர்ந்தெடுத்த முதல் பெண் செனட்டர். அவருடைய தந்தை அங்கே பலரும் அறிந்த பத்திரிகைப் பத்தியாளர். பெயர் தெரியாத ஊர் இல்லை என்னும் நிலையில் உள்ள ஒருவரை, பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டிய நிலையில் உள்ள ஒருவர் எதிர்த்தார் என்பதை அறிந்த பிறகு 9,86,621 என்ற எண் சற்று வேறு மாதிரித் தெரிந்தது. இந்த இடத்தைப் பிறகு ஆத்தூரில் மீண்டும் தொடுகிறேன்.

தளத்தை நடத்துபவர் பற்றி ஒரு சிறு குறிப்பு. மாநிலச் செயலர் என்பவரே அங்கே கட்சி சார்பில் போட்டியிட்டு, மாநிலம் தழுவிய வாக்கெடுப்பில் வென்று வருபவர். 2012இல் அப்பதவியில் இருந்த மார்க் ரிச்சி, குளோபுச்சரின் கட்சியைச் சேர்ந்தவர். இப்படியொரு ஏற்பாடு இருக்கிறது என்று ஏழு ரோடு சந்திப்பில் நின்று சொன்னால் அங்கேயே இரண்டு கோஷ்டி உருவாகிவிடும். அதனால்தானோ என்னவோ, யாரும் கேள்வி கேட்பதற்கு முன்பே எல்லா எண்ணையும் திறந்து வைத்துவிடுகிறார்கள். வாக்குகளை காகிதச் சீட்டில் பேனாவால் குறித்து, இயந்திரத்தால் வருடி எண்ணுகிறார்கள். தேர்தலுக்குப் பின் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில ப்ரீசிங்க்டுகளில் கையால் மீண்டும் எண்ணிச் சரிபார்க்கிறார்கள். நம்மிடம் தொகுதிக்கு 5 வாக்குச்சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை எண்ணிப் பார்ப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

எல்லாவற்றையும் உரைக் கோப்பாகப் பதிவிறக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஒவ்வொரு மதிப்புக்கும் நடுவில் அரைப்புள்ளி இட்ட நெடுநெடு வரிகள். என் கைப்பேசியில் அதைத் திறந்தபோது எறும்புச் சாரை போல இருந்தது. மூஞ்சிக்கல்லில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு அந்தக் கோப்பைக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்யும் பெண், "எந்தப் பரீட்சை ரிசல்ட் அங்கிள் இது?" என்று கேட்டுக்கொண்டே, இரண்டு நிமிடத்தில் எக்செலில் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். இதற்குப் பிறகு வரிசைப்படுத்துவது, கூட்டுவது, எந்த ஊரில் அதிகம் எந்த ஊரில் குறைவு என்று பார்ப்பது எல்லாமே குழந்தை விளையாட்டு. ஆயினும் தமிழ் வாசகர் ஒருவர் முன்தயாரிப்பின்றி நுழைந்தால் 'ரைட்-இன்' போன்ற சொற்களில் தடுக்கிக்கொள்வார். பட்டியலில் இல்லாத ஒருவரின் பெயரை வாக்காளரே எழுதி அவருக்கு வாக்களிப்பதுதான் அது. நம்மிடம் அதற்கு இடமில்லை; நமக்கு நோட்டா இருக்கிறது.

இனி நம்முடையது. நம் தேர்தல் ஆணையத்தின் முடிவுத் தளத்தை நான் நன்றியோடு நினைக்கும் நாள் 2021 மே 2. அன்று ஞாயிற்றுக்கிழமை, கொரோனா காரணமாக ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு இருந்த காலம். வழக்கமாக வாக்கு எண்ணும் நாளில் டீக்கடைத் தொலைக்காட்சிக்கு முன் நின்று பழகிய ஊர், அன்று வீட்டுக்குள் அடைபட்டுக் கைப்பேசியை வைத்துக்கொண்டிருந்தது. மேகம் இறங்கியதால் எங்கள் தெருவில் அலைக்கற்றை ஒரு கோடும் அரைக் கோடுமாகத்தான் வந்தது. இருந்தும் அந்தப் பக்கம் திறந்தது. படமும் விளம்பரமும் மிதக்கும் செய்தித் தளங்கள் பாதியில் மூச்சுவிட்டபோது, எண்களை மட்டும் கொண்ட அந்த ஒல்லியான அட்டவணை வந்து சேர்ந்துவிடும். வேட்பாளர், கட்சி, இயந்திர வாக்கு, தபால் வாக்கு, மொத்தம், விழுக்காடு என்று ஒரே வரிசையில் எல்லாம் இருக்கும். வேகத்திலும் எளிமையிலும் அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அந்த அட்டவணையில்தான் ஆத்தூர் இருக்கிறது. பழனி மலையின் அடிவாரத்தில், காமராசர் அணைப் பக்கம் உள்ள தொகுதி. 2006 முதல் தொடர்ந்து அங்கே வென்றுவந்த தி.மு.க.வின் ஐ. பெரியசாமி, 2021இல் 1,65,809 வாக்குகள் பெற்றார். அடுத்து வந்த பா.ம.க.வின் திலகபாமாவுக்குக் கிடைத்தவை 30,238. வித்தியாசம் 1,35,571; அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய வித்தியாசம் இதுதான். விழுக்காட்டில் 72. ஆறில் ஒரு பங்கு வாக்குகூடக் கிடைக்காததால் இரண்டாம் இடத்தில் வந்தவருக்கே டெபாசிட் போயிற்று. விழுக்காட்டை வைத்துப் பார்த்தால் குளோபுச்சரின் 65ஐ ஆத்தூர் தாண்டிவிட்டது. என் வழக்கு வென்றுவிட்டது என்று அன்றே அக்கா மகனிடம் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை, ஏனென்றால் அதே தொகுதியின் 2016ஆம் ஆண்டுக் கணக்கையும் தேடி எடுத்துவிட்டேன். அப்போதும் வென்றவர் பெரியசாமிதான். வித்தியாசம் 27,147 மட்டுமே. எதிர்த்தவர் அப்போது அமைச்சராக இருந்த அ.தி.மு.க.வின் நத்தம் விசுவநாதன். ஐந்தே ஆண்டுகளில் 27 ஆயிரம் எப்படி ஒன்றே கால் லட்சத்தைத் தாண்டிப் போயிற்று? வென்றவரின் செல்வாக்கு வளர்ந்திருக்கலாம். ஆனால் 2021இல் அ.தி.மு.க. தானே நிற்காமல், அந்தப் பகுதியில் வேரில்லாத கூட்டணிக் கட்சிக்குத் தொகுதியைக் கொடுத்தது என்பதைக் கணக்கில் சேர்க்காமல் அந்த எண்ணைப் படிப்பது பாதிப் படிப்பு. எங்கள் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியிலும் 2019இல் இதே காட்சிதான், தி.மு.க.வின் வேலுச்சாமி 5,38,972 வாக்கு வித்தியாசத்தில் வென்றபோது எதிரே நின்றது இரட்டை இலை அல்ல, மாம்பழம். வித்தியாசத்தின் அளவு வென்றவரைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ, அவ்வளவு எதிரே நின்றவரைப் பற்றியும் சொல்கிறது. மினசோட்டாவில் கர்ட் பில்ஸ் நின்ற இடமும் ஏறத்தாழ இதுவே.

இதைக் கண்டுபிடிக்க நம் தளம் எவ்வளவு தூரம் உதவியது என்பதே மதிப்புரைக்குரிய கேள்வி. மிகக் குறைந்த தூரம்தான். நடப்புத் தேர்தலின் முடிவை அது அருமையாகக் காட்டும். அதே தொகுதியில் போன முறை என்ன நடந்தது என்று அதே பக்கத்தில் கேட்க வழியில்லை. பழைய கணக்குகள் புள்ளிவிவர அறிக்கைகளில் வேறோர் இடத்தில் இருக்கின்றன. தேடத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும். நான் பார்த்தவரை பக்கங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கின்றன, தமிழில் இல்லை. எண்ணுக்கு மொழி தேவையில்லை என்று சிலர் சொல்லலாம். பூம்பாறையில் பூண்டு போடும் என் நண்பர் அந்தப் பக்கத்தை என் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "இதுல நம்ம ஆளு எது?" என்று கேட்டபோது சின்னமும் இல்லாமல் தமிழ்ப் பெயரும் இல்லாமல் நான்தான் விரலை வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

அண்மைச் சட்டமன்றத் தேர்தல்களில் அவர்கள் சேர்த்திருக்கும் சுற்று வாரி அட்டவணை மட்டும் உண்மையிலேயே நல்ல சேர்க்கை. மலைக்காரர்களுக்கு அதில் தனிப் பயன் உண்டு. வாக்கு எண்ணும் கூடத்தில் பொதுவாக 14 மேசைகள். ஆகவே ஒரு சுற்று என்பது 14 வாக்குச்சாவடிகள். சாவடிகளை வரிசை எண்படி எடுப்பதால், பழனி நகரத்தையும் கொடைக்கானல் மலையையும் ஒன்றாகக் கட்டிய எங்கள் பழனித் தொகுதி போன்ற இடங்களில், மலையின் பெட்டிகள் அடுத்தடுத்த சுற்றுகளில் சேர்ந்து வரும். எந்தச் சுற்றில் யாருக்கு எவ்வளவு ஏறியது என்று பார்த்தால், மலை ஒரு பக்கமும் சமவெளி ஒரு பக்கமும் சாய்ந்தனவா, இரண்டும் சேர்ந்தே சாய்ந்தனவா என்று உத்தேசமாகச் சொல்லிவிடலாம். 2021இல் பழனியில் பதவியில் இருந்த ஐ.பி. செந்தில்குமார் ஏறத்தாழ 30 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். அவர் ஆத்தூர் வேட்பாளரின் மகன். அந்த 30 ஆயிரத்தில் கொடைக்கானலின் பங்கு எவ்வளவு என்பது இங்கே ஒரு மாலை நேரம் முழுக்கப் பேசத்தக்க விஷயம். முடிவுப் பக்கத்தின் ஒற்றை எண் அதற்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

சொல்வது படிவம் 20. வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைத் தேர்தல் நடத்தும் அலுவலர் நிரப்பும் இறுதித் தாள் இது. தமிழ்நாட்டுத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதி வாரியாகக் கிடைக்கிறது. அதாவது மினசோட்டாக்காரர்கள் ப்ரீசிங்க்ட் வரை கொடுக்கும் அதே செல்வம் நம்மிடமும் இருக்கிறது. ஆனால் அது முடிவுத் தளத்தோடு இணைந்ததல்ல. பிடிஎஃப் தாளாக வேறோர் அலமாரியில் இருக்கிறது. அச்சிட்ட தாளைப் படம் பிடித்து ஏற்றியிருக்கும் இடங்களில் தேடவும் முடியாது, கூட்டவும் முடியாது. சாவடியின் பெயரும் அதில் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் எந்தப் பள்ளிக்கூடம் என்று அறிய வாக்குச்சாவடிப் பட்டியலைத் தனியாக எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு தொகுதியின் தாள்களை அதே கம்ப்யூட்டர் சென்டரில் அச்செடுத்து, அடிக்கோலும் பென்சிலுமாக உட்கார்ந்து இரண்டு இரவுகளில் மலைச் சாவடிகளை மட்டும் கூட்டினேன். அவ்வப்போது மின்சாரம் போனது. மினசோட்டாவின் கோப்பில் இதே வேலைக்கு அந்தப் பெண்ணுக்கு ஆனது இரண்டு நிமிடம்.

ஒரு தயக்கத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். சாவடி வாரிக் கணக்கு எளிதாகக் கிடைப்பது நல்லதுதானா என்ற கேள்விக்கு மலையில் பதில் அவ்வளவு நேராக இல்லை. சாலையே இல்லாத வெள்ளகவி போன்ற ஊருக்குக் குதிரையின் முதுகில் இயந்திரம் போகிறது. அந்த ஒரு சாவடியின் கணக்கு என்பது அந்த ஒரு ஊரின் மனம். யாருக்கு வாக்களித்தார்கள் என்பதை வென்றவரும் தோற்றவரும் மறுநாளே தெரிந்துகொள்கிறார்கள். சாலையோ தண்ணீர்க் குழாயோ கேட்டுப் போகும்போது அந்த எண் மேசைமேல் இருக்கக்கூடும். காகிதச் சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. இயந்திரங்களிலும் அப்படிக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்வைத்தது, சட்ட ஆணையமும் 2015இல் பரிந்துரைத்தது, நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே இன்றைய நிலை இரண்டும் கெட்டான்: கட்சிக்காரருக்கு ஊரின் கணக்கு தெரியும், ஊர்க்காரருக்குத்தான் தேடிப் பிடிக்க இரண்டு இரவு ஆகிறது. மறைப்பதானால் எல்லோரிடமிருந்தும் மறைக்கட்டும். காட்டுவதானால் எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டட்டும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்காக: மினசோட்டா தளத்துக்கு ஐந்துக்கு நாலரை, அரை மதிப்பெண்ணைக் குறைப்பது, சொற்களுக்கு அங்கேயே விளக்கம் வைக்காததற்காக. நம் தளத்துக்கு எண்ணும் நாளில் ஐந்துக்கு ஐந்து, மறுநாள் முதல் ஐந்துக்கு இரண்டு. யார் வென்றார் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு நம்முடையதைவிட எளிதானது வேறில்லை. ஒரு வெற்றி ஏன் அவ்வளவு பெரிதாயிற்று என்று பார்க்க விரும்புகிறவர்கள் படிவம் 20ஐயும், வாக்குச்சாவடிப் பட்டியலையும், முந்தைய தேர்தலின் முடிவையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அச்செடுப்பதானால் பக்கங்களைப் படுக்கைவாட்டில் எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடைசி இரண்டு வேட்பாளர்களின் பத்தி வெட்டுப்பட்டுவிடும்.

அக்கா மகனிடம் ஆத்தூரின் இரண்டு தேர்தல்களையும் சேர்த்தே சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, நம்ம வீட்டுச் சாவடி எந்த நம்பர்னு பாத்துச் சொல்லுங்க" என்றான். அவனுக்கு அங்கேயும் வாக்கு இல்லை, குடியுரிமை வரவில்லை. இங்கே வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்தாலும் நேரில் வந்துதான் போட வேண்டும். பென்சில் கணக்கிட்ட அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். வெளிச்சம் போதாமல் எண்கள் மங்கலாக விழுந்துவிட்டன என்று பதில் வந்தது. நாளை காலை வெயில் வந்தால் வாசலில் வைத்து இன்னொரு முறை எடுத்து அனுப்ப வேண்டும்.